பிடியைக் கழற்றிப் பார்க்காமல் வாளை மெச்சாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், சினிமா வாள்களின் மாதிரிகளை வாங்கிச் சேர்க்கும் சென்னை இளைஞர்களைப் பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். படங்கள் ஜோராக இருந்தன, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 'கில் பில்' என்ற ஹாலிவுட் படத்தில் உமா தர்மன் ஏந்தி வரும் ஜப்பானிய வாளின் மாதிரியை ஒரு பையன் தூக்கிப் பிடித்திருக்க, கீழே "நிஜ வாளுக்கு நிகரானது, வெட்டவும் செய்யும்" என்று ஒரு வரி இருந்ததே, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். வெட்டும் என்று யார் சொன்னது? விற்றவர் சொல்லியிருப்பார், வாங்கிய பையன் நம்பியிருப்பான், உங்கள் நிருபர் எழுதிவிட்டார். மூன்று பேரில் ஒருவராவது அதன் பிடியைக் கழற்றிப் பார்த்தாரா என்பதுதான் என் கேள்வி.

நான் வாள் வித்தைக்காரன் இல்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கியரையும் ஷாஃப்ட்டையும் உலையில் ஏற்றி, செந்தணலாக எண்ணெயில் இறக்கி, மறுபடி இளஞ்சூட்டில் வைத்துப் பதம் எடுப்பது என் தொழில். ஊர்க் கொல்லர் தோய்ச்சல் என்று சொல்வாரே, அதையேதான் நாங்கள் மீட்டர் வைத்துச் செய்துகொண்டிருந்தோம். வாள் என் வீட்டுக்குள் வந்தது அக்கா மகனால். சாலிகிராமத்தில் சினிமா ஆர்ட் டிபார்ட்மென்டில் உதவியாளனாக இருக்கிறான். மற்ற பையன்களுக்கு பைக் பைத்தியம் என்றால் இவனுக்கு வாள் பைத்தியம்.

முதல் வாளை வாங்கியபோது என்னிடம் கேட்கவில்லை. பரிசுப் பொருள் விற்கும் ஒரு கடையில் 3,800 ரூபாய் கொடுத்து வாங்கினான். கண்ணாடி மாதிரி மின்னும், முகம் பார்த்துத் தலை சீவலாம். ஆயுத பூஜை அன்று அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்கள், அக்கா ஒரு முழம் சாமந்திகூடச் சுற்றினாள். சாயங்காலம் வாசலில் கட்டியிருந்த வாழைக்கன்றை அவிழ்த்து மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, படத்தில் பார்த்த மாதிரி ஒரு வீச்சு வீசியிருக்கிறான். வாழைக்கன்று அப்படியே நின்றது. வாளின் அலகு மட்டும் பிடியை விட்டுப் பிய்த்துக்கொண்டு பறந்து, பக்கத்து வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியில் மோதி விழுந்தது. வெறும் பிடியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். பக்கத்து வீட்டுப் பெண் அப்போதுதான் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு கீழே இறங்கியிருந்தாள். இரண்டு நிமிடம் முன்னால் நடந்திருந்தால் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

உடைந்த இடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். அலகின் அடியில் பென்சில் கனத்துக்கு ஒரு மரை போட்ட கம்பி, வெல்டிங் வைத்து ஒட்டியது. அந்த முறிவில் பாதி பளிச்சென்று புதிதாக இருந்தது, மீதிப் பாதி கறுத்துப் போயிருந்தது. அதாவது பாதி இடத்தில் வெல்டிங் உள்ளேயே இறங்கவில்லை, செய்த அன்றே அது பாதி உடைந்த வாள். மீதியும் நல்லதில்லை. கடினப்படுத்திய எஃகில் வெல்டிங் வைத்தால் அதன் ஓரம் சூடு பட்டுக் கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். வீசும்போது முழு விசையும் வந்து உட்காருவது சரியாக அந்த இடத்தில்தான். வெளியே இருந்து பார்த்தால் இதில் ஒன்றும் தெரியாது, பிடிக்குள் மறைந்துவிடும். சுவரில் மாட்டுவதற்கு என்று செய்த பொருள் அது, அந்த வேலைக்கு ஒரு குறையும் இல்லை. விற்றவர் அதைச் சொல்லியிருக்க வேண்டும். "ஃபங்ஷனல் பீஸ் சார்" என்றுதான் சொல்லியிருக்கிறார்.

பட்ட பிறகு புத்தி வந்தது. இந்த வருடம் இரண்டாவது வாளை முன்பணம் மட்டும் கொடுத்து எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்துவிட்டான். "மாமா, நீங்க பார்த்துச் சொல்லுங்க, அப்புறம்தான் பாக்கி." விலை 14,500. விற்றவர் சொன்னது: 1060 ரகக் கார்பன் எஃகு, அலகும் வாலும் (பிடிக்குள் மறைகிற அடிப்பாகம்) ஒரே துண்டு, களிமண் பூசித் தோய்ச்சல் போட்டது, ஜப்பான் தயாரிப்பு. கடைசியாகச் சொன்னதை நான் கேட்டவுடனே தள்ளிவிட்டேன். ஜப்பானில் உரிமம் பெற்ற வாள் கொல்லர் மாதத்துக்கு இரண்டு நீள வாள்தான் செய்யலாம் என்று கட்டுப்பாடு உண்டு. அப்படிச் செய்த வாள் இந்த விலைக்கு வராது. உலகம் பூராவும் விற்கும் மாதிரி ஜப்பானிய வாள்களில் பெரும்பகுதி சீனாவில் லோங்சுவான் என்ற ஊரிலிருந்து வருகிறது. பல நூறு வருடமாக வாளுக்குப் பேர்போன ஊர்தான், அங்கே செய்தது என்று சொன்னால் கேவலம் ஒன்றுமில்லை. எதற்குப் பொய்?

சரி, வாளுக்கு வருகிறேன். எடை 1,180 கிராம், அலகு 71 சென்டிமீட்டர். விரல் மேல் வைத்து நிறுத்திப் பார்த்ததில் கைக்காப்பிலிருந்து 13 சென்டிமீட்டரில் சமன் நின்றது. இந்த வகை வாளுக்கு இவை எல்லாமே ஒழுங்கான அளவுகள். அலகின் அடியில் 'கில் பில்' படத்தில் வருவது போலவே சிங்க முகம் செதுக்கியிருந்தது, ஆழமில்லாத லேசர் வேலை. ஆழமாக வெட்டியிருந்தால்தான் கவலைப்பட்டிருப்பேன், விரிசல் தொடங்க அந்த மாதிரிப் பள்ளங்கள் போதும்.

உறையிலிருந்து உருவினேன். சத்தமே இல்லை. பையனுக்கு முகம் வாடிவிட்டது. "படத்துல 'ஷிங்'னு வருமே மாமா." அடேய், உறை மரம், வாயில் வாளைப் பிடித்து நிறுத்துவது ஒரு பித்தளைப் பட்டை, சத்தம் எங்கிருந்து வரும்? அதெல்லாம் ஒலிப்பதிவு அறையில் சேர்ப்பது. உருவும்போது நிஜமாகவே இரும்பு உரசும் சத்தம் வந்தால் உறை சரியில்லை, கூர் மழுங்குகிறது என்று அர்த்தம். சினிமாவில் வேலை பார்ப்பவனுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருந்தது.

அப்புறம் பிடி. ஜப்பானிய வாளில் ஒரு வசதி, பிடியைக் கழற்றிப் பார்ப்பதற்கென்றே செய்திருப்பார்கள். பிடியின் குறுக்கே ஒரு சிறு மூங்கில் ஆணி, அவ்வளவுதான் பூட்டு. அதைத் தட்டி எடுத்துவிட்டு, வாளை நிமிர்த்தி இடது கையில் பிடித்துக்கொண்டு அந்த மணிக்கட்டில் வலது முஷ்டியால் இரண்டு குத்து குத்தினால் அலகு தானே மேலே எழும்பி வரும். வந்தது. வால் 24 சென்டிமீட்டர், பிடியின் நீளத்தில் முக்கால் பாகத்துக்கு மேல், அலகோடு ஒரே துண்டு. வெல்டிங் தடம் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன், இல்லை. இதில் விற்றவர் சொன்னது மெய்.

ஆனால் பிடிக்குள் பார்த்தால், மரத்தில் குடைந்த பள்ளம் வாலுக்குப் பெரிதாகிவிட்டிருக்கிறது, ஆட்டத்தை நிறுத்த அட்டையை மடித்துச் சொருகியிருக்கிறார்கள். சாதாரண பெட்டி அட்டை. நீல மசியில் ஏதோ அச்சிட்ட பாதி எழுத்துகூடத் தெரிந்தது. கோடம்பாக்கத்தில் அட்டைக்கத்தி பிடித்த காலம் போய், இப்போது நிஜக் கத்திக்குள் அட்டை வந்துவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஆணியும் மூங்கில் இல்லை, ஏதோ மெத்தென்ற மரம். நகத்தால் அழுத்தினால் தடம் விழுந்தது.

பிடிமேல் சுற்றிய துணிக் கயிற்றுக்கு அடியில் திருக்கை மீன் தோல் இருக்க வேண்டும். நிறைய மாதிரிகளில் பிளாஸ்டிக் ஒட்டியிருப்பார்கள். இது தோல்தான். காசிமேட்டில் திருக்கை வாங்கிச் சுத்தம் செய்த கைக்கு அந்தச் சொரசொரப்பு தொட்டதும் தெரிந்துவிடும்.

அடுத்தது அந்த அலை அலையான வெள்ளைக் கோடு. உங்கள் கட்டுரையில்கூட அதைத்தான் "உயர்தர வாளின் அடையாளம்" என்று எழுதியிருந்தீர்கள். விஷயம் இதுதான்: முதுகுப் பக்கம் களிமண்ணைக் கனமாகவும் கூர்ப்பக்கம் மெல்லியதாகவும் பூசிச் செந்தணலாக்கித் தண்ணீரில் இறக்குவார்கள். கூர் சட்டென்று குளிர்ந்து கெட்டியாகும், முதுகு மெதுவாகக் குளிர்ந்து மென்மையாகவே நிற்கும். கெட்டியாகும் பக்கம் கொஞ்சம் விரியும், அதனால் வாளே பின்பக்கம் வளையும். ஜப்பானிய வாளின் வளைவில் பெரும்பங்கு அந்த ஒரு நொடியில் பிறப்பது. இரண்டு பதமும் சந்திக்கும் எல்லைதான் அந்த அலைக்கோடு. முதன்முதலில் இதைப் படித்தபோது, 31 வருடம் உலை முன்னால் நின்ற எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

இந்த வாளில் அந்த வேலை நடந்திருக்கிறதா? அரம் வைத்துப் பார்த்தேன். களிமண் வேலை என்றால் அரம் கூரில் வழுக்க வேண்டும், முதுகில் கடிக்க வேண்டும். இதில் இரண்டு இடத்திலும் ஒரே சத்தம், ஒரே லேசான கடி. பித்தளைப் பட்டைக்கு அடியில் மறைகிற இடத்தில் நைசான எமரி பேப்பரை நாலு இழுப்பு இழுத்தேன், வெள்ளைக் கோடு அங்கே காணாமல் போய்விட்டது. அமிலம் தடவி வரைந்த கோலம். பையன் வாடிப்போனான், ஆனால் நான் அவ்வளவு வருத்தப்படவில்லை. ஏனென்றால் அலகு முழுக்க ஒரே பதமாக எண்ணெயில் தோய்த்து எடுத்திருக்கிறார்கள், அது ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கிறது. முனையை மரக்கட்டையில் ஊன்றி நாலு விரல் அளவு வளைத்து விட்டேன், முதுகோடு நூல் பிடித்துப் பார்த்தால் பழையபடி நேர். உண்மையான களிமண் வாளைத் தப்பாக வெட்டி வளைத்துவிட்டால் வளைந்தபடியே நிற்கும். புதிதாகப் பழகுபவனுக்கு இதுவே மேல் என்பேன். 1060 என்றால் கார்பன் சுமார் 0.6 சதவீதம், நம் பட்டறைகளில் அருவாளுக்கு அடிக்கும் லாரி கமான் பட்டையிலும் ஏறக்குறைய அதே அளவுதான். உபயோகத்துக்கு நல்ல இரும்பு, பேச்சுக்குத்தான் பொய்க் கோடு.

வெட்டிப் பார்க்க என் பழைய சகாவின் பட்டறைப் பின்கட்டுக்குப் போனோம், மாடிக்கு இல்லை. சுற்றி ஆள் இல்லை, வாள் போகும் திசையில் செங்கல் சுவர். ஜப்பானில் பாயைச் சுருட்டி ஊறவைத்து வெட்டுவார்கள். நாங்களும் பழைய கோரைப்பாயைச் சுருட்டிக் கட்டி ராத்திரி முழுக்கத் தொட்டியில் ஊறப்போட்டோம், கூடவே வாழைமரத் துண்டு இரண்டு. வாழை வெண்ணெய் மாதிரி போயிற்று, அதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது, அரிவாள்மனைக்கே அது பெரிய விஷயமில்லை. பாயில்தான் தெரியும். முதல் ஏழு வெட்டு சுத்தம். எட்டாவதில் கைக்குள் ஒரு 'கடக்'. ஆட்டிப் பார்த்தால் பிடி கடகடக்கிறது. நிறுத்தச் சொல்லிவிட்டேன். கழற்றினால் அந்த மெத்து ஆணி நசுங்கி ஒரு பக்கம் பிளந்திருக்கிறது, அட்டை கூழாகிவிட்டது. இன்னும் பத்து வெட்டு போயிருந்தால் மொட்டை மாடிக் கதைதான்.

பந்தலுக்கு வாங்கி மிஞ்சிய மூங்கில் கழி ஒன்று கிடந்தது. அதன் வெளித்தோல் பக்கம் நார் நெருக்கமாக இருக்கும், அதிலிருந்து ஒரு ஆணி சீவினேன். மூங்கிலை ஏன் வைத்தார்கள் என்று சீவும்போதே புரிகிறது, உடைந்தாலும் சட்டென்று இரண்டாகப் போகாது, நார் பிடித்துக்கொண்டிருக்கும். அட்டைக்குப் பதில் மரச் சீவலை வஜ்ஜிரத்தில் ஒட்டிப் பள்ளத்தை இறுக்கினோம். மறு வாரம் இருபது வெட்டு, ஒரு அசைவும் இல்லை. இந்தச் செலவையும் அலைக்கோட்டுப் பொய்யையும் சொல்லி 2,000 ரூபாய் குறைத்துத்தான் பாக்கியைக் கொடுத்தான். விற்றவர் முணுமுணுத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

இதிலிருந்து, வால் நீளமாக இருந்தால்தான் நிஜ வாள் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனையிலிருந்து வந்த ஆயுதங்கள் இருக்கின்றன, போய்ப் பாருங்கள். இந்திய வாள்களில் நிறையவற்றுக்கு வால் குட்டைதான். இரும்புப் பிடிக்குள் அரக்கை உருக்கி ஊற்றி இறுக்கியிருப்பார்கள், நம் வீட்டுக் கத்திக்குப் பட்டறையில் காம்பு போடுவது போலவே. அதைப் பிடித்துச் சண்டை போட்டிருக்கிறார்கள். குட்டையாக இருப்பது தப்பில்லை, ஒட்டுப் போட்டு ஏமாற்றுவதுதான் தப்பு. இரும்பு விஷயத்தில் ஜப்பானை அண்ணாந்து பார்க்கவும் தேவையில்லை. ஈரோடு பக்கம் கொடுமணலில் மூசையில் (உலோகம் உருக்கும் மண்குவளை) எஃகு உருக்கிய தடயங்கள் கிடைத்திருக்கின்றன. ஊட்ஸ் என்று வெள்ளைக்காரர்கள் எழுதிய அந்த இந்திய எஃகின் ரகசியத்தைத் தேடி லண்டனில் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்.

கட்டுரையில் இன்னொரு பிழை. ஹட்டோரி ஹன்சோ "புகழ்பெற்ற பழங்கால வாள் கொல்லர்" என்று போட்டிருந்தீர்கள். 'கில் பில்' படத்தில் அந்தப் பெயரில் சோனி சிபா நடித்த கொல்லர், இயக்குநர் குவென்டின் டரான்டினோவின் கற்பனை. சரித்திரத்தில் இருந்த ஹட்டோரி ஹன்சோ 16-ஆம் நூற்றாண்டுச் சாமுராய், டோக்குகாவா இயேயாசுவிடம் சேவகம் செய்தவர், வாளைச் சுழற்றியவரே தவிர அடித்தவர் இல்லை. டோக்கியோ அரண்மனையின் ஒரு வாயிலுக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். திருத்தம் ஒன்று போட்டுவிடுங்கள்.

சட்டத்தைப் பற்றி அந்த முழுப் பக்கத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் விதிகளில், வீட்டு உபயோகம், விவசாயம், தொழில் போன்றவற்றுக்கென்று செய்தவை நீங்கலாக, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கூர் ஆயுதங்கள் தனி வகையாகவே வருகின்றன. 71 சென்டிமீட்டர் என்பது கிட்டத்தட்ட 28 அங்குலம். கூர் போட்ட வாளை வாங்குவதற்கு முன்னால் காவல் நிலையத்திலோ ஒரு வக்கீலிடமோ கேட்டுவிடுவது நல்லது. எங்கள் பையன் கேட்டுக்கொண்டுதான் வாங்கினான். பட்டாக்கத்தியில் கேக் வெட்டி வீடியோ போட்டவர்கள் கைதான செய்தியை நீங்களே எத்தனை முறை போட்டிருக்கிறீர்கள்! "சினிமா வாள் சார்" என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லிப் பார்க்கட்டும். உங்கள் படத்தில் அந்தப் பையன் பைக்கில் உட்கார்ந்தபடி வாளைத் தோளில் சாத்திக்கொண்டிருக்கிறான், அவன் அம்மா அப்பாவை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

வாங்கியவர்களுக்கு ஒன்று. சென்னைக் காற்றில் கார்பன் எஃகு ஒரு ராத்திரி தாங்காது. எங்கள் வாளில் சாயங்காலம் பட்ட கட்டைவிரல் ரேகை காலையில் காவி நிறத்தில் அப்படியே அச்சாகியிருந்தது, ஆதார் எடுத்த மாதிரி. ஜப்பானில் கிராம்பு வாசனை உள்ள எண்ணெய் பூசுவார்கள், இங்கே தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு போதும். அக்கா தேங்காய் எண்ணெய் தடவினாள், பத்தாம் நாள் பிசுபிசுத்துச் சிக்கு வாடை வந்துவிட்டது.

அடுத்த முறை இப்படி ஒரு பக்கம் போட்டால், வீரமாகத் தூக்கிப் பிடித்த படத்தோடு பிடியைக் கழற்றி வைத்த படம் ஒன்றும் போடுங்கள். முறிந்த வெல்டிங், நசுங்கிய ஆணி, நீல எழுத்து அட்டை மூன்றையும் செய்தித்தாள் மேல் பரப்பி வைத்துப் பையன் எடுத்த படம் என்னிடம் இருக்கிறது. கேட்டால் அனுப்புகிறேன், காசு வேண்டாம். அடியில் விரித்திருப்பது உங்கள் பத்திரிகைதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹீட் ட்ரீட்மென்ட் தொழிலாளி,
அம்பத்தூர், சென்னை.